காற்றின் மாசை அளக்கும் பாட்டரிக் கருவிக்கு உறுப்புகளைத் தெரிந்தெடுத்தல்

புகையினால் விளையும் தீங்கை யாவரும் அறிவர். அதை அளந்தறிந்தவர் சிலரே. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சென்னை அடையாற்றுக்குத் தெற்கேயுள்ள பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில் அமைந்த கைமுறை அளவை நிலையங்களிலோ வாரத்திற்கு இருமுறை மாதிரி எடுப்பதே விதியாகும். ஆதலின் இடைப்பட்ட நாளில் எழும் புகையை அறியவேண்டின், மின்சார இணைப்பில்லாத களத்துமேட்டிலும் வைத்தற்குரிய சிறு கருவியொன்றைத் தாமே அமைத்துக்கொள்ளுதல் நலம். வேண்டும் உறுப்புகள் மவுண்ட் ரோட்டை அடுத்த ரிச்சி தெருக் கடைகளில் கிடைக்கும். வாங்குமுன் கவனிக்கற்பாலவை பின்வருமாறு:—

(1) உணர்கருவி.— எம்.க்யூ.135 என்பது விலை மலிந்தது. ஆயினும் அதனுள்ளிருக்கும் சூடேற்றி இடைவிடாது ஏறக்குறைய முக்கால் வாட் மின்சாரத்தை உண்ணும். புகைத்துகளையும் அது அளவாது. லேசர் ஒளியால் நுண்துகளைக் கணிக்கும் பி.எம்.எஸ்.5003 போன்றதே தக்கது. இது 5 வோல்ட்டில் 100 மில்லியாம்பியருக்கு மேற்படாமலும், ஓய்வில் 200 மைக்ரோஆம்பியருக்கு மேற்படாமலும் கொள்ளும். ஓய்வினின்று எழுப்பிய 30 விநாடிக்குப் பின்னரே அளவைக் குறித்தல் வேண்டும்.

(2) பாட்டரி.— 3.7 வோல்ட், 3,000 மில்லியாம்பியர்-மணி லித்தியம் பாட்டரியில் 11 வாட்-மணி உண்டு. 5 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் நேரும் நஷ்டத்தையும் கணக்கிட்டால், உணர்கருவியை ஓயாது ஓட்டுவோர்க்கு அஃது ஒரு நாளும் முழுதாய் வாராது. கால்மணிக்கு ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டினால் ஒரு வாரம் எளிதில் வரும்.

(3) கணிப்புப் பலகை.— இ.எஸ்.பி.32 சில்லு உறக்கத்தில் மிகச் சொற்ப மின்சாரமே கொள்ளும். ஆனால் அதைத் தாங்கும் பலகையிலுள்ள விளக்கும் பிற சில்லுகளும் உறங்குவதில்லை. அவை 10 மில்லியாம்பியர் கொள்ளுமாயின், வேறு செலவின்றியே மேற்படி பாட்டரி 12 நாளில் தீரும். மடையில் கசிவிருக்க ஏரி நிரம்பியும் பயனென்ன? எனவே உறக்கத்தில் கொள்ளும் மின்சாரத்தை மீட்டரால் அளந்து பார்த்தே பலகையை வாங்குக.

(4) ஈரமானி.— சென்னையில் விடியற்காலை ஈரம் மிகுதி. அக்காலத்தில் ஈரமுண்டு பருத்த துகளும் பனித்திவலையும் அளவை உயர்த்திக் காட்டும். பி.எம்.இ.280 போன்ற ஈரமானியை உடன் சேர்த்து, ஈரம் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டபோது எடுத்த அளவுகளைத் தனியே குறித்துவைக்க.

கருவி அமைந்தபின், ஆலந்தூரிலுள்ளது போன்ற தொடர் அளவை நிலையத்தருகே சில நாள் வைத்து ஒப்புநோக்குதல் அவசியம். 2009ஆம் ஆண்டின் தேசிய விதிப்படி, 2.5 மைக்ரானுக்குட்பட்ட துகளின் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. ஒரு வேளை அளவை மட்டும் இவ்வெல்லையோடு ஒப்பிடுதல் பிழை. தேதி, மணி, காற்றின் திசை, ஈரம் ஆகிய நான்கையும் கிராம அதிகாரி அளவோடு சேர்த்துப் பதிந்து வருவாராக. அவ்வாறு பதிந்த கணக்குடன் கொடுக்கும் மனுவே மேலிடத்தில் நிலைபெறும். ஈரக்காலையில் எடுத்த ஒற்றை எண்ணை நம்பிக் கொடுத்த மனு எளிதில் தள்ளுண்டுபோம்.