பீட் மேல புல்லாங்குழல்: சாம்பிளரில் லைவ் ரெக்கார்டிங்

பீட் ரெடி. அதுமேல நண்பன் புல்லாங்குழல் வாசிக்கணும். உடனே ரெக்கார்ட் பட்டனை அழுத்திடாதீங்க!

1. டெம்போ: முதல்ல முடிவு பண்ணுங்க. 90 பிபிஎம்-ல் 4 பார் என்றால் 16 கவுன்ட்; 16 × 60 ÷ 90 = 10.67 விநாடி. 1988-ல் வந்த அகாய் எம்பிசி60-ல், கூடுதல் மெமரி போடாவிட்டால், மொத்த இடமே சுமார் 13 விநாடிதான். ஒரே டேக்!

2. ஹெட்போன்: ஸ்பீக்கரில் பீட்டை ஓடவிட்டால் மைக்கிலும் ஏறிடும். நாளைக்கு டிரம்ஸை மாத்தினாலும் பழசு பின்னாடி கேட்டுக்கிட்டே இருக்கும்.

3. லெவல்: இருப்பதிலேயே சத்தமான இடத்தை வாசிக்கச் சொல்லி, உச்சம் -12 டெசிபல் கிட்ட நிற்கும்படி வைங்க. 0-ஐத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். திரும்ப ஒட்ட முடியாது.

4. கவுன்ட்-இன்: முன்னாடி ஒரு பார் எண்ணவிடுங்க, முடிந்ததும் ஒரு பார் கூடுதலா பதியுங்க. கடைசி மூச்சு அடங்கும் ஓசை அதில்தான் இருக்கும். லைவா வாசிக்கச் சொன்னதே அதுக்குத்தானே!