நிரோத்தும் நாள்பட்டால் நைந்துபோகும்



நரிக்குடிப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. கூரைமேல் கிடந்த பழைய சைக்கிள் டியூபை இழுத்துப் பாருங்கள், வெடிவெடியாகப் பிளந்திருக்கும். நிரோத்தும் ரப்பர்தான். "நிரோத் போட்டும் உண்டாயிடுச்சே" என்று மனைவியைச் சந்தேகிக்கும் கணவர்களும் உண்டு. நைந்த ரப்பர் செய்த குற்றத்தை மனைவி தலையில் கட்டலாமா?

ரப்பர் ஏன் நைகிறது?

ரப்பர் மரத்துப் பாலிலிருந்து நிரோத் செய்யப்படுகிறது. திருவனந்தபுரம் பேரூர்க்கடை அரசுத் தொழிற்சாலையில் 1969-ல் உற்பத்தி தொடங்கியது. ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நீண்ட சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றன. சூடு, வெளிச்சம், காற்று பட்டால் அவை சிறிது சிறிதாக அறும். கிணற்றுக் கயிறு புரிபுரியாக அறுவது போலத்தான். பார்வைக்கு முழுசா இருக்கும். பாரம் ஏறியதும் பட்டென்று போகும்.

காற்றில் ஓசோன் என்றொரு வாயு உண்டு. பத்துக் கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே, இழுத்து வைத்த ரப்பரில் நாளடைவில் கீறல் விழும். 1950 வாக்கில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி, வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டில் விழும் கீறலைக் கொண்டே ஓசோனின் அளவைக் கண்டார். காற்றும் வெளிச்சமும் படக்கூடாது என்றுதான் நிரோத்தை உறையில் மூடித் தருகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உறைமேல் உள்ள தேதியைப் பாருங்கள். தேதி கடந்தது வேண்டாம்.
2. தகரக் கூரையடியில், அடுப்படியில், மணிபர்சில் வைக்காதீர்கள். நிழலான இடத்தில் பெட்டிக்குள் வையுங்கள்.
3. உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்காதீர்கள். உள்ளே பிசுபிசுத்தோ, விறைத்தோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.
4. தேங்காய் எண்ணெய், வாசலின் தடவாதீர்கள். எண்ணெய் பட்ட சில நிமிடங்களில் ரப்பர் பலமிழக்கும்.
5. ஒன்றை ஒரே முறைதான் பயன்படுத்த வேண்டும்.

கிழிந்துவிட்டால்?

"என்ன ஆகப் போகுது" என்று இருந்துவிடாதீர்கள். 72 மணி நேரத்திற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, அவசரக் கருத்தடை மாத்திரை பற்றிக் கேளுங்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு பலன்.

புதிய நிரோத் வேண்டுமா? கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

தேதி பார்த்து வாங்குங்கள்! திட்டமிட்டுப் பிள்ளை பெறுங்கள்!