பெட்டி கட்டுவதற்கு முன்

1325ஆம் ஆண்டு, மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்த 21 வயது இளைஞர் ஒருவர், பெற்றோரிடம் விடைபெற்று மக்காவை நோக்கிப் புறப்பட்டார். அவர் பெயர் இப்னு பதூதா. ஏறத்தாழ 24 ஆண்டுகள் கழித்தே அவர் தாயகம் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் தில்லியில் நீதிபதியாகப் பணியாற்றினார். மாலத்தீவிலும் அதே பொறுப்பை ஏற்றார். இலங்கைக்கும் மதுரைக்கும் வந்தார். நமக்கு அருகிலுள்ள சுமத்ராவிலும் தங்கினார்.

சட்டம் பயின்ற அவருக்கு மாலத்தீவில் ஒரு சறுக்கல் ஏற்பட்டது. அத்தீவுப் பெண்களின் உடை வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. நீதிபதி என்ற அதிகாரத்தைக் கொண்டு அதனை மாற்ற முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை என்பதைத் தம் பயண நூலில் அவரே ஒப்புக்கொண்டுள்ளார். பின்னர், அங்கிருந்த அமைச்சரோடு மனக்கசப்பு முற்றவே, தீவை விட்டுப் புறப்பட்டார். அவருக்குச் சட்டம் தெரிந்திருந்தது. அந்த மக்களைத் தெரிந்திருக்கவில்லை.

மாணவர்களே, நீங்கள் பட்டம் பெற்ற பிறகு, இப்னு பதூதாவின் தாய்நாடான மொரோக்கோவுக்கு ஓராண்டு செல்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். ஆய்வு ஒன்றும் மேற்கொள்ள வேண்டும். அதற்கு எவ்வாறு ஆயத்தமாவீர்கள்?

கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஆவணங்களைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் மொரோக்கோவில் தங்கும் வெளிநாட்டவர், அந்நாட்டுக் காவல் துறையிடம் பதிந்து வசிப்பிட அட்டை பெற வேண்டும். அதற்குப் பணி ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் போன்ற சான்றுகள் தேவைப்படும். கல்விச் சான்றிதழ்களை உறுதிப்படுத்தவும், அரபு அல்லது பிரெஞ்சு மொழியில் பெயர்க்கவும் வேண்டியிருக்கலாம். இவை ஒரே நாளில் முடியும் வேலைகள் அல்ல. ஆகவே, பல மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

அடுத்தது பணம். மொரோக்கோவின் நாணயம் திர்ஹாம். அதனை மற்ற நாடுகளில் எளிதில் மாற்ற முடியாது. அங்குச் சென்ற பின்னரே மாற்றிக்கொள்ள வேண்டும். நாடு திரும்பும்போது மிச்சமுள்ளதை அங்கேயே மாற்றிவிட வேண்டும்.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று எண்ணிப் பருத்தி ஆடைகளை மட்டும் எடுத்துச் செல்பவர்கள் ஏமாந்து போவார்கள். கோடையில் மராக்கேஷ் நகரின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது உண்மைதான். ஆனால், அதே நாட்டில் அட்லஸ் மலைப்பகுதியிலுள்ள இஃப்ரான் நகரில் 1935இல் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 23.9 பாகைக்கு இறங்கியது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் பதிவான மிகக் கடுங்குளிர் இதுவே. அங்கே பல வீடுகளில் அறையைச் சூடாக்கும் வசதி இருக்காது. ஆகவே, பெட்டியில் கம்பளி ஆடைக்கும் இடம் ஒதுக்குங்கள்.

எந்த மொழியில் பேசுவது?

பெட்டியில் அடைக்க முடியாத ஆயத்தமும் ஒன்று உண்டு. அதுதான் மொழி.

மொரோக்கோவில் அரபும் தமாசிக்தும் ஆட்சி மொழிகள். பழங்குடி மக்களான அமாசிக் இனத்தவரின் மொழியே தமாசிக்து. 2011ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதற்கு ஆட்சிமொழித் தகுதியை வழங்கியது. ‘திஃபினாக்’ என்னும் தனி எழுத்து வடிவமும் அதற்கு உண்டு. 1912 முதல் 1956 வரை நாட்டின் பெரும்பகுதி பிரெஞ்சு ஆட்சியின் பிடியில் இருந்ததால், அலுவலகங்களிலும் பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறைகளிலும் பிரெஞ்சு மொழி இன்றும் வேரூன்றி நிற்கிறது.

அப்படியென்றால், புத்தகத்தைப் பார்த்து அரபு கற்றுக்கொண்டால் போதுமா? போதாது. நூல்களிலும் செய்திகளிலும் உள்ள அரபு வேறு. வீட்டிலும் கடையிலும் பேசும் அரபு வேறு. பேச்சு அரபைத் ‘தாரிஜா’ என்பர். தமிழ் மாணவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. சந்தைக்குப் போய், “ஐயா, இந்தக் கத்தரிக்காயின் விலை யாது?” என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒருமாதிரியாகப் பார்ப்பார் அல்லவா? “அண்ணே, கத்திரிக்கா என்ன விலை?” என்றால் உடனே பதில் கிடைக்கும். மொரோக்கோவிலும் அப்படித்தான். “லாபாஸ்?” என்று கேட்டுப் பாருங்கள். “நலமா?” என்பது அதன் பொருள். கேட்டவுடன் எதிரில் இருப்பவர் முகம் மலரும்.

நாம் வெறுங்கையோடு செல்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மலாய்மொழியில் இஸ்னின் முதல் சப்து வரையுள்ள கிழமைப் பெயர்கள் அரபிலிருந்து வந்தவை. நாற்காலியைக் குறிக்கும் ‘கெருசி’ என்ற மலாய்ச்சொல் அரபில் ‘குர்சி’. தமிழில் நாம் வழங்கும் வக்கீல், பாக்கி, வசூல் ஆகியவையும் அரபு மூலம் கொண்டவையே. தெரிந்த சொற்களிலிருந்து தொடங்கினால், புதிய மொழி அச்சுறுத்தாது.

வகுப்பறையில்

பாடத்தை ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, “புரிந்ததா?” என்று கேட்கிறீர்கள். எல்லாரும் தலையசைக்கிறார்கள். ஆனால், மறுவாரம் விடைத்தாள்களைத் திருத்தும்போது பலருக்குப் புரியவில்லை என்று தெரிகிறது. மாணவர்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுவது எளிது. சற்று நின்று யோசியுங்கள். வீட்டில் தமாசிக்து, தெருவில் தாரிஜா, பள்ளியில் எழுத்து அரபு, பிறகு பிரெஞ்சு எனக் கடந்து வந்த மாணவருக்கு, ஆங்கிலம் ஐந்தாம் மொழியாகக்கூட இருக்கலாம். அவர்களின் மௌனம் அறியாமை அன்று. தவறாகப் பேசிவிடுவோமோ என்ற தயக்கமாகவும் இருக்கலாம். முக்கியச் சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். முதலில் தங்களுக்குள் தாரிஜாவில் கலந்து பேச விடுங்கள். அதன்பின் ஆங்கிலத்தில் விடை கேளுங்கள். தலையசைத்தவர்கள் வாய் திறப்பார்கள்.

மதிப்பெண் வழங்கும் முறையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அங்கு மொத்த மதிப்பெண் 20. பத்து எடுத்தால் தேர்ச்சி. பதினான்கு எடுத்தால் ‘நன்று’. பதினாறைத் தொட்டால் ‘மிக நன்று’. நம் வழக்கப்படி 14ஐ எழுபது விழுக்காடாகக் கணக்கிட்டுவிட்டு, “இன்னும் முயன்றிருக்கலாமே” என்று சொன்னால், நன்கு படித்த மாணவர் மனமுடைந்து போவார். ஆசிரியர் அறியாமல் செய்த பிழை என்றாலும் வலி மாணவருக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. கல்வியை முதன்முதலாகக் கொண்டு செல்பவர் என்ற எண்ணத்தோடு ஒருபோதும் செல்லாதீர்கள். ஃபெஸ் நகரிலுள்ள அல் கராவியீன், 859ஆம் ஆண்டு பாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணியால் பள்ளிவாசலாக நிறுவப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. பின்னர்க் கல்விக்கூடமாக வளர்ந்து, உலகின் மிகப் பழைமையான பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அதன் பழைய நூலகத்தை அண்மைக் காலத்தில் சீரமைத்தவரும் ஃபெஸ் நகரில் பிறந்த ஒரு பெண் கட்டடக் கலைஞர்தான். அவர் அசீசா சவூனி.

ஆய்வுக் களத்தில்

மொரோக்கோவின் தென்மேற்குப் பகுதியில் ஆர்கன் மரங்கள் வளர்கின்றன. அப்பகுதியை 1998இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அங்குள்ள பெண்கள், ஆர்கன் கொட்டைகளைக் கல்லால் உடைத்துப் பருப்பைப் பிரித்தெடுக்கின்றனர். அதிலிருந்து கிடைக்கும் எண்ணெய் சமையலுக்கும் அழகுப் பொருள்களுக்கும் பயன்படுகிறது. வெளிநாடுகளில் அது நல்ல விலைக்கு விற்கிறது. அப்பெண்களுக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது என்பதே உங்கள் ஆய்வு வினா என்று கொள்வோம்.

முதல் நாளே அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குச் சென்று, நிர்வாகி அருகில் இருக்கும்போதே, “உங்களுக்குக் கூலி போதுமானதா?” என்று கேட்டால் என்ன ஆகும்? “போதும்” என்பார்கள். நீங்களும் அதை எழுதிக்கொண்டு வருவீர்கள். உங்கள் ஆய்வேடு பிழையாகும். அதைவிடப் பெரிய தீங்கு, அவர்களின் உண்மை நிலையை யாரும் அறியாமலே போவது.

எனவே, செல்வதற்கு முன்பே சில முடிவுகளை எடுக்க வேண்டும். அதிகாரிகளின் அனுமதியைப் பெற வேண்டும். அங்குள்ள மூத்த பெண்கள் சிலர் தமாசிக்து மட்டுமே பேசுவார்கள். அவர்கள் அஞ்சாமல் பேசத்தக்க மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வின் நோக்கத்தைத் தெளிவாகக் கூறி, அவர்களின் இசைவைக் கேட்க வேண்டும். ‘விருப்பமில்லை’ என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. பெயரை வெளியிடக்கூடாது, கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது. தேநீர் தந்தால், ஆற அமர அருந்திவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும். ஆய்வு முடிந்ததும், கண்டறிந்தவற்றை அவர்களிடமும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நாட்டின் அண்மை வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 8ஆம் நாள் இரவு, அட்லஸ் மலைப்பகுதியை 6.8 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. 2,900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைக்கிராமங்கள் பல இடிந்து விழுந்தன. இது தெரியாமல் அங்குள்ள ஒரு வீட்டில் அமர்ந்து, “உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?” என்று வினாப் பட்டியலைப் பார்த்துக் கேட்டால், எதிரில் இருப்பவர் என்ன பதில் சொல்வார்? எண்ணிச் சொல்ல வேண்டியவர்களுள் ஒருவர் இப்போது இல்லாமல் இருக்கலாம்.

முதலில் மாணவர்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அயல்நாட்டுப் பணிக்கும் அது பொருந்தும். ஆவணம், பணம், ஆடை ஆகியவற்றில் ஒன்றை மறந்தால் நமக்குத்தான் தொல்லை. அந்த மக்களை அறிந்துகொள்ள மறந்தாலோ தொல்லை அவர்களுக்கு. ஆகவே, ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ செல்பவர், முதலில் அந்த மண்ணின் மாணவராக வேண்டும்.

இப்னு பதூதா தாயகம் திரும்பிய பின், தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் எடுத்துரைத்தார். எழுத்தர் ஒருவர் அவற்றை எழுதினார். 1355இல் நிறைவுற்ற அந்நூலில், மாலத்தீவில் தம்மால் முடியாமல் போனதையும் அவர் மறைக்கவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்வதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

இதற்குப் பயிற்சி பெற விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வரும் நண்பர் ஒருவர் இருப்பார். நாளை அவரிடம் அவர் மொழியில் நலம் விசாரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

சிந்தித்துப் பேசுவோம்

1. மாலத்தீவில் இப்னு பதூதாவின் முயற்சி ஏன் கைகூடவில்லை? உங்கள் கருத்தைக் காரணத்துடன் கூறுக.
2. தாரிஜாவுக்கும் எழுத்து அரபுக்கும் உள்ள தொடர்பைப் பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழ் ஆகியவற்றோடு ஒப்பிடுக.
3. மொரோக்கோவிலிருந்து ஓர் ஆசிரியர் உங்கள் பள்ளிக்கு வருகிறார். அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய ஐந்து செய்திகளை எழுதுக.