சந்தனக்காடு தரும் பாடம்

தியானப்பகுதி: யோவான் 4:5-10

இடுக்கி மாவட்டத்து மறையூர் சந்தனக்காட்டிற்குப் பேர்பெற்றது. சந்தன மரம் தனித்துச் செழிப்பதில்லை. அதன் வேர்கள் அயல்மரங்களின் வேர்களைப் பற்றி, நீரும் சத்தும் பெற்றே வளர்கின்றன. பல ஆண்டுகளில் முதிரும் வைரத்திலேயே அதன் மணம் உண்டாகிறது.

கிறிஸ்துவின் நறுமணமாக அழைக்கப்பட்ட விசுவாசிக்கு (2 கொரி. 2:15) இதில் பாடமுண்டு. அந்நியரிடம் கொடுப்பவனாக மட்டும் நிற்பது எளிது. அதில் பெருமை மறைந்திருக்கக்கூடும். ஆண்டவரோ சமாரியப் பெண்ணிடம் முதலாவது தண்ணீர் கேட்டார். யூதர் தீண்டத் தயங்கிய பாத்திரத்திலிருந்து குடிக்க அவர் ஆயத்தமாயிருந்தார். அந்தக் கனமே உரையாடலின் வாசலைத் திறந்தது. எழுபதுபேரை அனுப்பியபோதும், ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, கொடுப்பதைப் புசிக்கவே கட்டளையிட்டார் (லூக்கா 10:7, 8).

மறையூரைச் சூழ்ந்த மலைகளில் வாழும் முதுவர் மக்கள், தங்கள் குடிகளில் விருந்தினர் தங்கச் சாவடி அமைப்பது மரபு. அங்கே ஏறிச்செல்லும் ஊழியன் முதலாவது விருந்தாளி, பின்பே தூதன். அவர்கள் தரும் கூரையையும் கஞ்சியையும் நன்றியோடு பெறாதவன் பேசும் அன்பை யார் நம்புவார்?

உடுமலைப்பேட்டைப் பேருந்தில் அருகே அமர்பவரும், ஆலைக்கொட்டகையில் வெல்லம் காய்ச்சும் தொழிலாளியும் கர்த்தர் அனுப்பிய அயலாரே. அவர்கள் பாரத்தைப் பொறுமையாய்க் கேட்பதும் சாட்சியே.

சிந்தனைக்கு: இவ்வாரம் சந்தித்த அந்நியரிடமிருந்து விசுவாசி தாழ்மையோடு பெற்றுக்கொண்டது என்ன?