மாணவர் விடுதிகளில் ஃபுளூ காய்ச்சல்: தடுப்பும் காப்பும்

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்னை முதலில் அறிவாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், கஞ்சி வைப்பாள், மற்றப் பிள்ளைகளை அப்பால் படுக்கச் சொல்வாள். விடுதியில் அந்த அன்னை இல்லை. அங்கே ஓர் அறையில் நால்வர் உறங்குகின்றனர். ஓர் உணவுக்கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் உண்கின்றனர். ஒரே குழாயடியில் முகம் கழுவுகின்றனர். ஒருவருக்கு வந்த நோய் அவரோடு நின்றுவிடுவதில்லை. எனவே, அன்னை அன்பினால் செய்யும் பணியை விடுதி ஒழுங்குமுறையாகச் செய்ய வேண்டியுள்ளது. அது எவ்வாறு இயலும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

இன்புளுயன்சா என்பதன் சுருக்கமே ஃபுளூ. 1918 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டதாக மதிப்பிடப்படும் கொள்ளைநோய் இதுவே. மனிதரிடத்தில் இதனை உண்டாக்குவது ஒரு வைரஸ் என்பது 1933 இல் இலண்டனில் மெய்ப்பிக்கப்பட்டது.

சாதாரணச் சளி மெல்ல வரும். ஃபுளூவோ காலையில் வகுப்பில் இருந்தவரை மாலையில் படுக்கையில் வீழ்த்தும். வைரஸ் உடலில் புகுந்த ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல், கடுங்களைப்பு ஆகியன தோன்றும். இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் வழியாகவும், அவை படிந்த கைகள் வழியாகவும் இது பரவுகிறது. அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, தோன்றியபின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரவக்கூடும். முதல் மூன்று நாட்களில் பரவும் ஆற்றல் மிகுதி.

ஒரு பள்ளி தரும் படிப்பினை

1978 ஆம் ஆண்டு ஜனவரியில், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் நிகழ்ந்தது மருத்துவ உலகில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அங்குப் பயின்ற மாணவர் 763 பேர். ஜனவரி 22 ஆம் நாள் மூவர் மட்டுமே நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்தனர். ஐந்தே நாட்களில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 300 ஆகப் பெருகிற்று. பிப்ரவரி 4 ஆம் நாளுக்குள் 512 மாணவர், அதாவது மூவரில் இருவர், படுக்கையில் கிடந்தெழுந்தனர். அவர்களோடு பழகிய 130 பெரியவர்களுள் நோயுற்றவர் ஒருவரே! அவ்வகை வைரஸ் 1957 க்குப் பின் இருபது ஆண்டுகள் மறைந்திருந்து மீண்டும் தோன்றியதாகும். மூத்தோர் உடலில் பழைய எதிர்ப்பாற்றல் இருந்தது. இளையோர்க்கு அது இல்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, இளமை மட்டுமே இந்நோய்க்கு அரணன்று. மற்றொன்று, மூவர் முன்னூறு ஆவதற்குள் உள்ள காலம் மிகக் குறுகியது. முதல் மூவரை அறிவதில்தான் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன.

மறைக்கப்படும் காய்ச்சல்

அந்த முதல் மூவரை நாம் ஏன் அறிவதில்லை? வருகைப் பதிவு குறையும் என அஞ்சும் மாணவர் மாத்திரை விழுங்கிவிட்டு வகுப்பில் அமர்கிறார். தேர்வு தவறிவிடும் என அஞ்சுபவர் இருமலை அடக்கிக்கொள்கிறார். காப்பாளர் பேருந்தேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார் என எண்ணுபவர் போர்வைக்குள் ஒளிகிறார். காய்ச்சலைச் சொல்பவர்க்கு இழப்பும், மறைப்பவர்க்கு ஆதாயமும் இருக்கும்வரை எந்த அறிவிப்புப் பலகையாலும் பயனில்லை. ஆதலின், மருத்துவச் சான்றுடைய நோய்நாட்களுக்கு வருகைச் சலுகையும், தவறிய உள்தேர்வுக்கு மறுவாய்ப்பும் உண்டு எனக் கல்லூரி முன்கூட்டியே அறிவிப்பது நோய்த்தடுப்பின் முதற்படியாகும். இது மருந்துக்கடையில் கிடைக்காத மருந்து.

விடுதி மேற்கொள்ள வேண்டியவை

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃபுளூ மிகுவது வழக்கம். மழைக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொள்ளும் காலமும் அதுவே. சாரல் படாத பக்கத்துச் சன்னலையேனும் திறந்து வைத்தல் வேண்டும். கட்டில்களை இயன்றவரை விலக்கியிடுதல் நன்று; இயலாவிடில் ஒருவர் தலைமாட்டின் அருகே அடுத்தவர் கால்மாடு அமையுமாறு படுக்கலாம். குழாயடியில் சோப்பு எப்போதும் இருத்தல் வேண்டும். கைகளை 20 விநாடியேனும் தேய்த்துக் கழுவ வேண்டும். பொதுத் துண்டும் பொதுக் குவளையும் கூடா.

ஒவ்வொரு விடுதியிலும் தனிக் கழிவறையுடன் கூடிய ஓர் அறையை நோயுற்றோர்க்கென ஒதுக்குவது இன்றியமையாதது. நோயாளர் பலராயின் அவர்களை ஒரே கூடத்தில் தங்கச் செய்யலாம். மருந்தின் துணையின்றிக் காய்ச்சல் நீங்கி 24 மணி நேரம் கழிந்த பின்னரே வகுப்புக்குத் திரும்பலாம். அதன்பின்னும் சில நாட்கள் முகக்கவசம் அணிதல் நலம்.

பெரும்பாலோர்க்கு ஓய்வும், நீராகாரமும், பாரசிட்டமாலும் போதும். 18 வயது நிரம்பாதோர்க்கு ஆஸ்பிரின் தரலாகாது. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பவையேயன்றி வைரஸை அழிப்பவை அல்ல. மருத்துவர் கூறாமல் அவற்றை உண்ணுதல் தவறு. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், ஓயாத வாந்தி, தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்துமா, நீரிழிவு உடையோர் காய்ச்சல் கண்ட முதல் நாளே மருத்துவரைக் காண வேண்டும்; வைரஸை எதிர்க்கும் ஒசெல்டாமிவிர் என்னும் மருந்து முதல் 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் மிகுந்த பயன் தரும். தடுப்பூசியின் காப்பு அமைய இரண்டு வாரமாகும். ஆதலின் ஆண்டுதோறும் மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நன்று.

மார்க்கம் காட்டும் வழி

இந்நெறிகள் நமக்குப் புதியவை அல்ல. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மறைத்துக்கொள்வார்கள் என்று நபிமொழி நூல்கள் அறிவிக்கின்றன. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லற்க, அங்கிருப்போர் வெளியேறற்க என்பதும் அவர்கள் வகுத்த நெறியே. கி.பி. 638-639 ஆம் ஆண்டுகளில் ஷாம் நாட்டை அம்வாஸ் கொள்ளைநோய் தாக்கிய காலத்தில், அங்குச் சென்றுகொண்டிருந்த கலீபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுவதா என்ற கேள்விக்கு, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். முன்னெச்சரிக்கை இறைநம்பிக்கைக்கு முரணன்று என்பது இதனால் விளங்கும்.

ஐவேளை ஒளுச் செய்வது கைத்தூய்மைக்குத் துணைபுரியும். எனினும் காய்ச்சல் காலத்தில் சோப்பும் உடன்சேர வேண்டும். ஒரே சஹனில் கூடியுண்பது நம் அன்பின் அடையாளம். நோய்க்காலத்தில் தனித்தட்டில் உண்பதும் அன்பின் அடையாளமே. நோயுற்றவர் அறையிலேயே தொழுதுகொள்ள மார்க்கம் இடந்தருகிறது. நோயாளியை நலம் விசாரித்தல் கடமையன்றோ எனச் சிலர் கேட்கலாம். ஆம், கடமையே. வாயிலில் கஞ்சியை வைத்துக் குரல் கொடுப்பதும், விடுபட்ட பாடக்குறிப்பை எழுதித் தருவதும், பெற்றோர்க்குச் செய்தி சொல்வதும் அக்கடமையின் வடிவங்களே. ஒதுக்கி வைப்பது வேறு. ஓய்வு தருவது வேறு.

காய்ச்சலோடு ஊருக்குப் பேருந்தேறும் மாணவர், தம்மையறியாமல் வீட்டிலுள்ள முதியோர்க்கும் கைக்குழந்தைக்கும் நோயைக் கொண்டுசெல்கிறார். அவர்கள்தாம் இந்நோயால் பெரிதும் நலிவோர். ஆகவே விடுதியைக் காப்பது விடுதியை மட்டும் காப்பதன்று. நிருவாகத்தினர் நோயறைக்கு வழிசெய்க. ஆசிரியர் அச்சமின்றி விடுப்புக் கேட்க இடந்தருக. மாணவ மாணவியர் முதற்காய்ச்சலை மறைக்காது உரைக்க. இம்மூன்றும் ஒன்றுகூடின், வல்ல இறைவன் அருளால் மூவர் நோய் மூவரோடே நிற்கும்.