பழைய மேலாளர் போடும் முட்டுக்கட்டை

கேள்வி: புது வேலை உறுதியான நேரத்தில், பழைய கம்பெனி என்னைப் பற்றித் தவறாகச் சொல்கிறது. என்ன செய்வது?

பதில்: பின்னணிச் சரிபார்ப்பில் பொதுவாகக் கேட்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகிய காரணம், கூடவே, ‘இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?’ ஆளை வீழ்த்துவது இந்தக் கடைசிக் கேள்விதான்.

மனக்கசப்போடு வெளியேறியவர் அதைப் புது ஹெச்.ஆரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு, படிவம் 16, பி.எஃப். பணி விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். பழைய கம்பெனியிலேயே உடன் வேலை பார்த்த வேறொரு மேலதிகாரியின் பெயரையும் கொடுக்கலாம். சரிபார்ப்பு அறிக்கையில் பிழை இருந்தால் மறுப்பை மின்னஞ்சலில் அனுப்புவது அவசியம். போன் பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 1994-இல் பிரபுக்கள் சபை, ஸ்பிரிங் வழக்கில், நற்சான்று தரும் முதலாளிக்குக் கவனமாக எழுதும் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் அப்பட்டமான பொய்க்கு அவதூறு வழக்கு போடலாம். ஆனால் அது வருடக்கணக்கில் இழுக்கும். முதலில் பழைய கம்பெனியின் ஹெச்.ஆர். தலைமைக்கு ஆதாரங்களோடு எழுதித் திருத்தம் கேட்பதே உடனடி வழி.