ஒட்டுப்பட்டையால் அடைபட்ட சிறுகுடலை லேப்ராஸ்கோப்பி வழியே விடுவிக்கும் முறை

முந்தைய வயிற்று அறுவையின் விளைவாகத் தோன்றும் ஒட்டுத்திசு பட்டையாகத் திரண்டு குடலை இறுக்குவதே பெரியவர்களின் சிறுகுடல் அடைப்புக்கு முதன்மைக் காரணம். பட்டை ஒன்றே ஒன்றாக இருக்கும் என சி.டி. ஸ்கேன் காட்டினால், சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யப்படும் லேப்ராஸ்கோப்பி பொருந்தும். குடல் 4 செ.மீ.க்கு மேல் விரிந்தவருக்கும் பலமுறை வயிறு திறக்கப்பட்டவருக்கும் திறந்த அறுவையே மேல்.

குடல் அழுகும் அறிகுறி இல்லாதவரை, மூக்குக் குழாயால் இரைப்பையை வடித்தபின் காஸ்ட்ரோகிராஃபின் என்னும் எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி, 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலை எட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். எட்டினால் பெரும்பாலும் அறுவையே தேவைப்படாது, 72 மணி நேரமாகியும் அடைப்பு நீங்காவிடில் காத்திருப்பதில் பொருளில்லை.

முதல் துளையைப் பழைய தழும்பிலிருந்து விலகி, அடுக்கடுக்காகக் கண்ணால் பார்த்தே திறக்க வேண்டும். உப்பிய வயிற்றில் ஊசியைக் குருட்டாம்போக்கில் குத்துவது குடலையே குத்துவதில் முடியலாம்.

கேமரா நுழைந்ததும் உப்பிய குடல் வளையங்களே திரையை நிறைப்பதால், அவற்றைப் பிடித்து அடைப்பைத் தேடத் தொடங்குவதே பயிற்சி மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. விரிந்து மெலிந்த குடற்சுவர் கவ்வியின் பிடியிலேயே கிழிந்து, மலநீர் வயிறெங்கும் பரவக்கூடும். ஆகவே மேசையைத் தலைப்பக்கமும் இடப்பக்கமும் தாழ்த்தி, வளையங்கள் தாமாகச் சரிந்தபின், வலது அடிவயிற்றில் பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தைக் கண்டு, அதனுடன் சேரும் சுருங்கிய சிறுகுடல் நுனியிலிருந்து பின்னோக்கி, இரு கவ்விகளாலும் மாற்றி மாற்றிப் பிடித்து வர வேண்டும். பிடிப்பதும் குடலையன்று, அதைத் தாங்கும் சவ்வையே. சுருங்கிய பகுதி சட்டென விரியும் இடத்தில் பட்டை இருக்கும். இவ்வழி நீளமெனக் கருதி நடுவில் தாவுவோர் வேறொரு பட்டையை வெட்டிவிட்டு அடைப்பு நீங்கியதாக நம்பிவிடுகின்றனர்.

பட்டையின் இருபுறமும் தெளிந்த பின்னரே மின்சூடு இல்லாத கத்தரியால் வெட்ட வேண்டும், ஏனெனில் சூடுபட்ட குடற்சுவர் சில நாள் கழித்துத் துளையாகலாம். அடைப்புக்குக் காரணமல்லாத ஒட்டுகளைத் தொடவே கூடாது. வயிற்றைத் துப்புரவாக்கும் ஆர்வம் இங்கே தீங்கு. விடுவித்த பகுதி கருத்திருந்தால் வெதுவெதுப்பான சலைனில் நனைத்துச் சில நிமிடங்கள் காத்து, நிறமும் அசைவும் மீள்கின்றனவா எனக் கவனிக்க வேண்டும்.

பின்லாந்திலும் இத்தாலியிலும் நடந்து 2019-இல் வெளியான லாஸ்ஸோ ஆய்வில், லேப்ராஸ்கோப்பிக்குப் பின் மருத்துவமனையில் தங்கும் காலம் சராசரியாக 4.2 நாள், திறந்த அறுவைக்குப் பின் 5.5 நாள். குடல் கிழிந்தால் இந்த ஆதாயம் கரைந்துவிடும் என்பதால், பட்டை அகப்படாதபோது கிழியும் முன்பே வயிற்றைத் திறப்பது முறை.

இறுதியில் 10 மி.மீ. துளைகளின் தசையுறையைத் தைத்தே மூட வேண்டும். விட்டால் அதே துளையில் குடல் நுழைந்து மீண்டும் அடைபடக்கூடும்.